மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நீ இல்லை

அன்புள்ள மகன் பாலுவுக்கு, பனித்திட்டிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்குப் பேனா ஓடாது என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் ரவியின் மகள் பிரியா பன்னிரண்டாவதில் அவள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது, வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறோம். உன் அக்கா செல்வியின் மகன் தினேஷ் சேதராப்பட்டு கம்பெனியில் மூன்று வருஷம் மெஷினுக்கு முன்னால் நின்றானே, இப்போது அந்த லைனுக்கே அவன்தான் சூப்பர்வைசர். அவன் தங்கை கபடியில் புதுச்சேரி டீமுக்கு ஆடப் போகிறாள். முட்டியெல்லாம் தழும்போடு திரிகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று செல்வி புலம்புகிறாள். கட்டுகிறவன் பயந்துகொண்டே கட்டட்டும் என்றேன் நான். உன் மகள் நிலா எட்டு வயதில் படம் வரைந்து முதல் பரிசு வாங்கியதை நான் சொல்லாத வீடு இந்தக் குப்பத்தில் இல்லை. கடைசியில் நீ. உன் பேர் போட்ட புத்தகம் இரண்டு நம் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. மூன்றாவது வரப்போகிறது என்று மீன் ஏலம் நடக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாவது புத்தகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாளாக எழுதுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், கூட்டெழுத்து வந்தால் கை நின்றுவிடும். பிரியா, "நான் எழுதித் தரேன் ஆயா, நீ சொல்லு" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இந்தக் கடிதத்தில் இருப்பது இன்னொரு வாய் வழியாக வரக்கூடாது. அப்படி வந்ததால்தான் இத்தனையும்.

மாசி மாதம் நீ வந்து ஆறு நாள் தங்கினாய். லடாக் போனாய், மேகாலயா போனாய், வியட்நாம் போய்ப் படகில் சந்தை பார்த்தாய். உன் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நாற்பது வருஷமாக எங்கே போய்வருகிறாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த முறைதான் கேட்டாய். "ஒரு நாள் உன்கூட வரேன்மா, நீ போற வழியெல்லாம் நடக்கணும்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகம் சுற்றுகிற பிள்ளை என் பின்னால் வருகிறேன் என்கிறான். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். நீதான், "பழசு கட்டும்மா, தினம் கட்டறது கட்டு" என்றாய். பிறகு இன்னொன்றும் சொன்னாய். "போற வூட்ல என்னைப் புள்ளைன்னு சொல்லாத. சொன்னா உக்கார வெச்சு காப்பி போட்டு உபசாரம் பண்ணுவாங்க. இயல்பா இருக்க மாட்டாங்க. எழுதறவனுக்கு அது ஆகாது." அதுவும் தொழிலில் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஏலத்தில் விலை ஏறக்கூடாது என்று மீன் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவள்தானே. யார் இவர் என்று கேட்ட வீட்டில் எல்லாம், "டவுன்லேர்ந்து வந்திருக்காரு, ஏதோ எழுதறாராம்" என்றேன். உன்னை 'அவரு' என்று சொல்லிவிட்டு முந்தானைக்குள் சிரித்தேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

என் தொழிலின் முறையையும் நீ தெரிந்திருந்தாய், அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. நான் கூடை தூக்க ஆரம்பித்த இரண்டாம் வருஷம் நடந்ததை உனக்கும் அண்ணனுக்கும் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் வஞ்சரம் கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். நான் மேல்தெருவுக்குப் போய், வஞ்சரம் தீர்ந்துபோச்சு, அந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை விட்டேன். மேல்தெருவில் இருந்தவன் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் முறை, அவனிடம் மறைத்துத்தான் ஏற்பாடு நடந்திருக்கிறது. அவன் போய் நின்று கலைத்துவிட்டான். அடுத்த வாரம் அந்தப் பெண்ணைப் பெற்றவள் வாசலில் நின்றாள். "மீன இங்க வெச்சுட்டுப் போ. வாய எடுத்துனு போ" என்றாள். அந்தத் தெருவில் இரண்டு வருஷம் என்னிடம் யாரும் மீன் வாங்கவில்லை. அதிலிருந்துதான் வெற்றிலை. ஒரு வீட்டில் மீன் கொடுத்துவிட்டு இறங்கியதும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்வேன், அடுத்த வீட்டு வாசலில்தான் துப்புவேன். நடுவில் எவளாவது, "அந்த வூட்ல இன்னா சண்டை" என்று கேட்டால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவேன். என்னைப் பாக்குக்காரி என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அது ருசிக்குப் போட்டது இல்லை பாலு. என் வாய்க்குப் போட்ட தாழ்ப்பாள்.

இனி அந்த வீட்டைப் பற்றி. அவளுக்கு இங்கே ஒரு பேர் வேண்டும், சரசு அக்கா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பேர் இல்லை. பாகூர்ப் பக்கம் என்பதற்கு மேல் ஊரையும் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டாம். உன்னோடு ஊர் ஊராகப் போய் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமும் படித்துக் காட்டு, வேண்டுமானால் பத்திரிகையிலேயே போடு. அதற்காகத்தான் அவளைப் பற்றிய சில விஷயங்களை மாற்றி எழுதுகிறேன். எதை மாற்றினேன் என்று உனக்குத் தெரியும். அஞ்சாவது படித்தவளுக்கே இது தோன்றுகிறது.

சரசு அக்கா வீடு நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. ஒரு காலத்தில் வாரம் மூன்று நாள் மீன் வாங்கிய வீடுதான். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு மடத்தில் தீட்சை வாங்கி, அன்றிலிருந்து வீடே சைவம் ஆனது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் அதை அப்பாவின் வாக்காக வைத்துக் காக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல நான் யார். ஆனால் அக்கா சின்ன வயதிலிருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்ற பேரில் கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, ஒரு சின்னத் தூக்குவாளியில் நெத்திலிக் குழம்பும் சோறும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தூக்கில் கையை விட்டுச் சாப்பிடுவோம். எல்லோர் எதிரிலும் அவளை நான் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன், அங்கே மட்டும் 'அக்கா'. அவளுக்கு நான் எப்போதும் 'பனித்திட்டு', என் ஊர்ப் பேர்தான். அவள் முள்ளைக் கூட எறிய மாட்டாள், நான் எடுத்து வந்துவிடுவேன். "முள்ளு எண்ணிக்கடி, ஒண்ணு வுட்டாலும் மருமவ மோப்பம் புடிச்சுடுவா" என்பாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

அன்றைக்கு உன்னை வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை தோட்டத்துப் பக்கம் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் உள்ளே போய்வந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினேன். நீ தைலத்தைச் சூடு பண்ணி என் முட்டியில் தேய்த்தாய். தேய்த்துக்கொண்டேதான் கேட்டாய், "அந்த வூட்ல மட்டும் ஏன்மா அவ்ளோ நேரம்?" உன் கையில் நோட்டு இல்லை. போன் சார்ஜில் கிடந்தது. என் பிள்ளை எனக்குக் கால் பிடித்துவிடுகிறான், அந்த சுகத்தில் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் சொல்வதும் வெளியில் சொல்வது ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வாய் நாற்பது வருஷத்தில் இரண்டாம் தரம் தவறியது அன்றைக்குத்தான். அந்தத் தப்பு என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

சித்திரையில் பிரியா பத்திரிகையைக் கொண்டுவந்தாள். "ஆயா, சித்தப்பா உன்னைப் பத்தி எழுதியிருக்காரு" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கம் படிக்கும்போது பெருமை பொங்கியது. ஐஸ் உருகிச் சேலையின் முதுகுப் பக்கத்தில் இறங்குகிற கறையை எழுதியிருந்தாய். ஏரிக்கரையில் வெயில் ஏறும்போது கால் நடை எப்படி மாறும் என்று எழுதியிருந்தாய், அது எனக்கே தெரியாது. நீ நன்றாகப் பார்க்கிறவன். அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாம் பக்கத்தில் வந்தது. 'அந்த மீன்காரக் கிழவியின் பெயரை நான் கேட்கவில்லை. சில பயணங்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.'

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது வேற யாரோ போல ஆயா" என்றாள். கையெழுத்துப் போடத் தெரியாத உன் அப்பாவுக்குப் பதிலாக உன் பள்ளிக்கூட அட்டையில் எல்லாம் நான் போட்ட பேர் அது. உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிற பேர். அதை நீ கேட்கவில்லையாம்.

பிறகு மூன்றாம் பக்கம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பண்ணைவீட்டுக் கிழவி திருடியைப் போலக் குந்திக்கொண்டு மீன் தின்றதை, விரலை நக்கியதை, எழுதியிருந்தாய். 'சுவரோரம் நின்று என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாய். அவளோடு ஒரே தூக்கில் சாப்பிட்டவள் அதில் இல்லை. சிரிப்பு இல்லை. முள் எண்ணியது இல்லை. அவள் ஒருத்தி, மீன், நீ. மூன்றே பேர்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"அம்மான்னு போட்டா அது பயணக் கட்டுரையா இருக்காதும்மா, குடும்பக் கதை ஆயிடும். எடிட்டரே சொன்னாரு, அந்நியன் ஒருத்தன் நடந்து போற மாதிரி இருந்தாதான் எடுக்கும்னு."

"சரி, நான் அந்நியம். நீ அந்தத் தோட்டத்துப் பக்கம் எப்படா போன?"

"அது ஒரு டெக்னிக்மா. கேட்டேன், சொன்னாங்கன்னு எழுதினா படிக்கிறவனுக்குக் கண்ணுல தெரியாது. பாத்தேன்னு எழுதினாதான் நிக்கும்."

"நின்னுதுடா. அந்தப் பொம்பள மானத்து மேல நின்னுது."

"பேரு போட்டனா? ஊரு போட்டனா? அந்த ஊர்ல யாரும்மா இந்தப் பத்திரிகை படிக்கிறாங்க?"

பேர் போடவில்லை, நிஜம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு மூன்று அடையாளம் கொடுத்திருந்தாய். அதை நான் இங்கே திரும்ப எழுதினால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த மூன்றும் சேர்ந்த வீடு அது ஒன்றுதான் என்று மாடு மேய்க்கிறவன் கூடச் சொல்லுவான். உன் கட்டுரை படிக்கிறவர்கள் எல்லாம் சென்னையில் இருக்கிறார்கள் என்று நீ நினைத்துவிட்டாய். நீ எழுதுகிற ஊர்க்காரர்களும் போன் வைத்திருக்கிறார்கள் பாலு. பத்து நாளில் அந்த வீட்டு மருமகளுக்கு அவள் அண்ணன் அனுப்பிவிட்டான். சமையல்கட்டில் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு மருமகள் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 'திருடியைப் போல' என்ற இடத்தில் பெரிய பிள்ளை வெளியே போய்விட்டானாம். எழுபது வயதுக்காரி தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டிருக்கிறாள்.

அடுத்த நடைக்கு நான் போனபோது மருமகள் கேட்டை மூடிக்கொண்டு நின்றாள். "தண்ணி வேணும்னா தெருக்குழாய்ல குடிங்க. இந்த வூட்டுப் பக்கம் இனிமே வேணாம்" என்றாள். கோபத்தில் கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், கீரை பறிக்கிற மாதிரி கையில் ஒரு முறத்தோடு சரசு அக்கா வந்தாள். பதினைந்து நாளில் பாதி ஆளாகியிருந்தாள்.

"பனித்திட்டு, உண்மையச் சொல்லு. அன்னிக்கு உன் பின்னால தாடிக்காரன் ஒருத்தன் வந்தானே, யாருடி அவன்?"

அவள் என்மேல் சந்தேகப்படவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் கண்ணைப் பார்த்தேன். என் பிள்ளை என்று சொன்னால் உன்னைச் சபித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் வாய் சபிக்கிற வாய் இல்லை, ஆனாலும் பயந்தேன்.

"யாரோ டவுன்காரன்க்கா. ஏதோ எழுதறேன்னான், கூடவே வந்தான். எனக்கு இன்னா தெரியும்."

"எனக்குத் தெரியும்டி, நீ சொல்லியிருக்க மாட்ட. நீ செத்தாலும் சொல்ல மாட்ட. அவன்தான் எந்தப் பக்கமாவோ வந்து எட்டிப் பாத்திருக்கான்."

"ஆமாங்க்கா" என்றேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மீன் தின்னது போவட்டும்டி. மருமவ ஏசறதும் போவட்டும். அங்கதான்டி நான் குளிக்கிறது. சேல மாத்தறது. எத்தினி நாளு நின்னு பாத்தானோ, இன்னா இன்னா பாத்தானோ. இப்ப நான் அந்தப் பக்கமே போறதில்ல. வூட்டுக்குள்ள கதவச் சாத்திக்கினு வாளித் தண்ணியில குளிக்கிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட வேற ஆள அனுப்பறேன். செவுத்தப் பாத்தாலே எவனோ நிக்கிற மாதிரி இருக்குது."

நீ டெக்னிக் என்று சொன்னாயே, அது என்ன செய்திருக்கிறது என்று பார். நீ அந்தச் சுவரோரம் நிற்கவே இல்லை. வாசலில் மோர் குடித்துக்கொண்டு இருந்தாய். ஆனால் உன் ஒரு வரியால் அந்தச் சுவரோரம் ஒரு ஆண்பிள்ளை வந்து நின்றுவிட்டான், இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவளுடைய தோட்டத்திலேயே அவளுக்கு இடம் இல்லை. அவனை அங்கிருந்து விரட்ட ஒரே வழி, யாரும் உன்னைப் பார்க்கவில்லை அக்கா, நான்தான் சொன்னேன் என்று சொல்வது. அதைச் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபடி உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஊட்டியில் எங்கேயோ ஒரு ரிசார்ட்டில் இருந்தாய். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாய். வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். "அப்ப அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதுல்ல? நல்லதாப் போச்சும்மா, அப்படியே இருக்கட்டும்" என்றாய். புத்தகத்தில் அதுதான் முதல் கட்டுரை, எல்லோரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள், இனி எடுக்க முடியாது என்றாய். பிறகு லைனில் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். நீ எனக்கு நிறைய செய்திருக்கிறாய். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தாய். மலை ஊர் லாட்ஜில் தனியாகக் காய்ச்சலில் கிடந்தபோது மனைவியை விட்டு எனக்குத்தான் போன் செய்தாய், உன் மூச்சுச் சீராகிற வரைக்கும் போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையும் 'நல்லதாப் போச்சு' என்று சொன்ன ஆளும் ஒருவன்தானா என்று எனக்கு விளங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அடையாளம் முன்பே தெரிந்திருக்கிறது, நான்தான் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடற்கரை விடுதியைப் பற்றி அங்கே காற்று தாலாட்டுகிறது என்று எழுதினாய். வீட்டுக்கு வந்து, அங்கே ஒரே கொசு, கழிவுநீர் நாற்றம், தூங்கவே முடியவில்லை என்றாய். ஏன்டா அதை எழுதவில்லை என்றதற்கு, "ரூமு சும்மா குடுத்தாங்கம்மா, சாப்பாடும் போட்டாங்க, எப்படி எழுதறது" என்று சிரித்தாய். உன் தொழிலிலும் கஷ்டம் இருக்கிறது, ஒரு கட்டுரைக்கு இருபது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். உனக்குச் சோறு போட்ட விடுதிக்காரனுக்காக நாற்றத்தை மறைத்தாய். உனக்கு மோர் கொடுத்த வீட்டுக்காரிக்காக ஒரு வரியை மறைக்க உனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்பான், இவள் கேட்க மாட்டாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

இனிமேல் எப்படி எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் வீடு வீடாகப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நீ ஒரு ஊருக்கு ஒரு தரம் போகிறாய். நான் அதே வாசலுக்கு அடுத்த வாரமும் போக வேண்டும். அழுகின மீனைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். நீ யாரைப் பற்றி எழுதினாலும், அச்சடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வாசலுக்கு மறுபடி போய் நிற்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுது. நிற்க முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடு. கேட்டதைக் கேட்டேன் என்று எழுது. யார் சொன்னார்கள் என்று சொல்ல முடியாத விஷயம் என்றால் அதை எழுதாதே. படிக்கிறவனுக்குக் கண்ணில் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, அவன் வேறு எதையாவது பார்த்துக்கொள்வான்.

அந்தக் கட்டுரை புத்தகத்தில் வரக்கூடாது. எடுக்க முடியாது என்று சொல்லாதே. அச்சடிக்கிறவரிடம் நான் பேச வேண்டும் என்றால் நம்பர் கொடு, பேசுகிறேன். அந்த மீன்காரக் கிழவி பேசுகிறேன் என்று சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

அதற்காகவும் நான் காத்திருக்கப் போவதில்லை. சரசு அக்காவிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். சுவரோரம் யாரும் நிற்கவில்லை, உன்னை யாரும் பார்க்கவில்லை, நீ உன் தோட்டத்தில் நிம்மதியாகக் குளி, சொன்னது நான், எழுதினது என் பிள்ளை என்று சொல்வேன். அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். அந்தத் தெருவில் எனக்கு நடையும் இருக்காது. நாற்பது வருஷத்தில் இந்த உலகத்தில் தன்னை அக்கா என்று என்னைக் கூப்பிட விட்ட ஒரே பெரிய வீட்டுக்காரி அவள்தான், அதுவும் போகும். போகட்டும். அவளுக்குப் பயம் போனால் சரி.

ஆனால் வெறும் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். என் மேல் இருக்கிற பாசத்தில், யாரையோ காப்பாற்றச் சொல்கிறாய் என்பாள். உன்னை அவளுக்குத் தெரியும் பாலு. ஆறு வயதில் பள்ளிக்கூட லீவில் உன்னை என்னோடு கூட்டிப் போனேன், உன் காலில் கண்ணாடி கிழித்தது. அவள்தான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதே தோட்டத்தில் காலைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளை முகம். தாடிக்காரனுக்குள் அதை அவள் பார்க்கவில்லை, நாமும் காட்டவில்லை. எழுதினவன் ஒரு அந்நியன் இல்லை, தான் தூக்கிய பிள்ளை, அவனும் பார்க்கவே இல்லை என்று தெரிந்தால், அவள் மனதில் இருக்கிற கூச்சம் கொஞ்சமாவது இறங்கும்.

அதனால் தாடியை எடுத்துவிட்டு, ஸ்டுடியோவுக்குப் போய், புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். தொப்பி வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், பின்னால் மலையும் அருவியும் வேண்டாம். போனில் அனுப்பாதே, அதில் விரல் பட்டால் முகம் ஓடிவிடுகிறது. காகிதத்தில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் இருக்க ஒரு அட்டை வைத்து, தபாலில் அனுப்பு. வந்த மறுநாளே எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுப்பேன். கேமராவை நேராகப் பார்த்து எடு. அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உன்னைப் பார்க்கட்டும்.